இஞ்ச் எத்தனை என்பது கடைசிக் கேள்வி: ஹோண்டா எஸ்2000-இன் டயர் கணக்கு

ஹோண்டா எஸ்2000 என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1999-இல் விற்பனைக்கு வந்தபோது முன்சக்கரத்தில் 205/55 ஆர்16 டயர், பின்சக்கரத்தில் 225/50 ஆர்16 டயர். 2004 மாடலில் முன்னால் 215/45 ஆர்17, பின்னால் 245/40 ஆர்17 என்று மாறியது. 2008-இல் அமெரிக்காவுக்கென்று கொஞ்சமாகத் தயாரான சிஆர் என்ற வகையில் முன் டயர் அப்படியே இருக்க, பின் டயர் மட்டும் 255/40 ஆர்17 ஆனது. அடுத்த ஆண்டு காரின் தயாரிப்பே நின்றுவிட்டது.

பத்து வருடத்தில் மூன்று அளவு. இத்தனைக்கும் வண்டி ஏறக்குறைய அதே வண்டிதான். சுமார் 1,250 கிலோ எடை, முன்னும் பின்னும் பாதிப் பாதியாகப் பிரிந்த பாரம், பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் இழுவை, முதல் மாடலில் 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும் 2 லிட்டர் என்ஜின். ஸ்போர்ட்ஸ் காருக்கு வீலும் டயரும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் காரைத்தான் காட்டுவேன். கார் மாறாமல் டயர் மட்டும் மாறினால் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீல் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே "18 இஞ்ச் போடலாமா, 19 போடலாமா?" என்று கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சக்கரத்தின் மொத்த உயரம் எவ்வளவு? முன்னுக்கும் பின்னுக்கும் அகலத்தை எப்படிப் பங்கிடுவது? அந்த அகலம் மட்கார்டுக்குள் எந்த இடத்தில் உட்காரும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் இஞ்ச் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் டயரின் பக்கத்தில் பொறித்திருப்பதைப் படித்துவிடுவோம். 245/40 ஆர்17 என்றால் டயரின் அகலம் 245 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. ஆர் என்பது ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர், நடுவில் ரிம். 98, 98, 431.8 மூன்றையும் கூட்டினால் 627.8 மி.மீ. தரையிலிருந்து டயரின் உச்சி வரை அவ்வளவு உயரம்.

இதே கணக்கை மற்ற அளவுகளுக்கும் போடுங்கள். முதல் மாடலில் முன் 631.9, பின் 631.4. 2004-க்குப் பிறகு முன் 625.3, பின் 627.8. ரிம் முழுதாக ஒரு இஞ்ச், அதாவது 25.4 மி.மீ. பெரிதாகியும் சக்கரத்தின் உயரம் நான்கு முதல் ஏழு மி.மீ. வரை குறைந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை. பக்கச்சுவரிலிருந்து எடுத்துத்தான் ரிம்முக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிஆரின் பின் டயர் மட்டும் 635.8. அங்கே ரிம் மாறவில்லை, டயர் அகலமானதால் கூடிய 8 மி.மீ. அது.

மொத்த உயரத்தில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. உயரமான சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், அதாவது எல்லா கியரும் நீண்டுவிடும். இந்தக் காரின் என்ஜினுக்கு டார்க், அதாவது திருப்பு விசை, 208 நியூட்டன் மீட்டர்தான். அதன் உயிரே உயர் ஆர்பிஎம்மில் இருக்கிறது. யாரோ ஒருவர் பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று முன்னும் பின்னும் 225/45 ஆர்18 மாட்டினால் உயரம் 659.7 மி.மீ. ஆகிவிடும். முன்பக்கக் கணக்கில் ஐந்தரை சதவீதம், பின்பக்கக் கணக்கில் ஐந்து சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 105-ஐ நெருங்கியிருக்கும். ஒவ்வொரு கியரிலும் இழுவை அதே ஐந்து சதவீதம் குறையும். காரும் 16, 17 மி.மீ. தரையை விட்டு எழும்பியிருக்கும். காசு கொடுத்து வண்டியை மந்தமாக்கிய கதைதான். ஒன்றரை, இரண்டு சதவீதம் வரை மாற்றம் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. அதற்கு மேல் போனால் அதற்கு ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் இந்தக் கறார் இன்னும் கூடும். நிசான் ஜிடி-ஆர் ஆர்35-இல் முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 20 இஞ்ச். அகலத்தில் 30 மி.மீ. வித்தியாசம் இருந்தும் உயரம் 712, 707.5 என்று நான்கரை மி.மீட்டருக்குள் நிற்கிறது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் இடையில் இருக்கும் கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. சக்கரம் வழுக்குகிறதோ என்று கணினியும் தப்புக்கணக்குப் போடும். இப்படிப்பட்ட காரில் முன் டயரை மட்டும் வேறு அளவுக்கு மாற்றுவது ஆபத்தான வேலை.

இனி அகலம்.

கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1,250 கிலோ காரில் ஒரு டயரின் மேல் ஏறத்தாழ 312 கிலோ. 32 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.25 கிலோ அழுத்தம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 139 சதுர சென்டிமீட்டர். நம் தபால் ஆபீஸ் அஞ்சலட்டை 14-க்கு 9, அதாவது 126. ஆக, அந்த அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு துண்டுகள்தான் 200 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காரைச் சாலையில் பிடித்து வைத்திருக்கின்றன. தாங்கும் எடையும் காற்றும் மாறாதவரை, டயரை எவ்வளவு அகலமாக்கினாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. அகல டயர் அதிகப் பரப்பில் தரையைத் தொடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

மாறுவது வடிவம். ஒல்லியான டயரில் அந்த அஞ்சலட்டை நெடுக்காகக் கிடக்கும், அகலமான டயரில் குறுக்காக. வளைவில் திரும்பும்போது ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் முறுக்கும். தொடும் இடம் நெடுக்காக இருந்தால் முறுக்கம் பின்முனைக்குப் போகப் போகக் கூடி, அங்கே ரப்பர் வழுக்கத் தொடங்கிவிடும். குறுக்காக இருந்தால் அந்த முறுக்கம் குறைவு. அதனால் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியதுமே பிடிப்பு வந்துவிடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: அதன் மேல் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அந்த அழுத்தத்துக்கு ஏற்ற விகிதத்தில் பிடிப்பு கூடாது. பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்குக்குக் குறைவாகவே கிடைக்கும். வளைவில் காரின் எடை வெளிப்பக்க டயர்களுக்குத் தாவும்போது இதுதான் நடக்கிறது. அகலமான டயர் அந்தக் கூடுதல் பாரத்தை அதிக ரப்பருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது, சூட்டையும் அதேபோல் பங்கிடுகிறது. ரேஸ் டிராக்கில் பத்துச் சுற்று ஓட்டியவர்களுக்கு இந்தச் சூடு விஷயம் கையாலேயே தெரியும். டிராக்கை விட்டு பிட்டுக்குள் வந்து நின்றவுடன் முன் டயரின் வெளிப்பக்கத் தோளை, அதாவது பக்கச்சுவர் தொடங்கும் ஓரத்தை, தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாது. ரப்பர் உருண்டு உருண்டு சிறு திரிகளாக ஒட்டியிருக்கும். உள்பக்கத் தோள் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும்.

அகலத்துக்கு விலையும் உண்டு. தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். சாலையில் இருக்கும் தடத்துக்கு ஏற்ப ஸ்டீயரிங் அங்குமிங்கும் இழுக்கும். எடை கூடும். இலகுவான காரில் அளவுக்கு மீறி அகலமாகப் போட்டால் ரப்பர் வேலை செய்யும் சூட்டுக்கே வராது, பிடிப்பு குறைந்துதான் போகும்.

ஹோண்டா என்ன செய்தது என்று இப்போது பாருங்கள். முதல் மாடலில் பின் டயர் முன் டயரைவிடச் சுமார் 10 சதவீதம் அகலம். 2004-இல் 14 சதவீதம். சிஆரில் ஏறக்குறைய 19. ஒவ்வொரு முறையும் பின்னால்தான் கூடுதலாக ரப்பர் சேர்ந்திருக்கிறது.

காரணம் அந்தக் காரின் ஆரம்பகாலப் பெயர். வேகமாக வளைவில் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று வீசிவிடும் என்று பெயர் வாங்கிய கார் அது. பின்சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும் விதம் இதற்கு முக்கியக் காரணம். 2004 மாடலில் சஸ்பென்ஷன் வடிவத்தைத் திருத்தி அந்த மாற்றத்தைக் குறைத்தார்கள். கூடவே பின் டயரை 20 மி.மீ. அகலமாக்கினார்கள், முன் டயரை 10 மட்டும். எல்லையைத் தாண்டும்போது முதலில் வழுக்குவது பின் டயரா, முன் டயரா என்பதை மாற்றுவதற்கான ஏற்பாடு இது. முன் டயர் முதலில் விட்டால் கார் நினைத்ததைவிட அகலமாக வளையும், ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். பின் டயர் முதலில் விட்டால் எதிர்த் திருப்பு போடத் தெரிந்தவர் மட்டுமே தப்பிப்பார். மழையில், இரவில், யாரென்றே தெரியாத ஒருவர் ஓட்டப்போகும் காருக்கு முதல் வகைதான் பொறுப்பான முடிவு.

இதே பாடத்தைப் போர்ஷே இன்னும் கடினமான வழியில் கற்றது. 1964-இல் வந்த 911-இல் நான்கு சக்கரத்திலும் ஒரே 165 மி.மீ. டயர், நாலரை இஞ்ச் அகல ரிம். என்ஜினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பின் டயர்கள் கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டு, முன் டயர் அளவே ரப்பரோடு போராடின. முன்பக்கத்துக்குக் கனம் சேர்க்க பம்பருக்குள் பக்கத்துக்கு 11 கிலோ இரும்பு வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே இருந்த தூரத்தை 57 மி.மீ. கூட்டினார்கள். 1975-இல் டர்போ வந்தபோது முன்னால் 185, பின்னால் 215 என்று அகலத்தையும் பிரித்தாயிற்று. 992 தலைமுறை கரேரா எஸ்-இல் இன்று முன்னால் 245/35 20 இஞ்ச், பின்னால் 305/30 21 இஞ்ச். 60 மி.மீ. வித்தியாசம் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பிறந்தது என்ஜின் இருக்கும் இடத்திலிருந்து. முன்பக்கம் என்ஜின் வைத்து, பாரத்தைச் சமமாகப் பிரித்த காரில் அந்த 60 மி.மீ. வித்தியாசத்தைக் காப்பியடித்தால் கார் எந்த வளைவிலும் மூக்கைத் திருப்பாது.

இங்கேதான் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் ஹோண்டாவிடமிருந்து பிரிகிறார்கள். எஸ்2000 வைத்து டிராக்குக்குப் போகிறவர்களிடையே பல வருடமாகப் பழகிப்போன ஓர் அளவு உண்டு: 17 இஞ்ச், 9 இஞ்ச் அகலம், +63 ஆஃப்செட் (இதன் பொருள் கீழே வருகிறது), நான்கு சக்கரத்திலும் 255/40. ஹோண்டா மூன்று முறையும் பின்பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனது. இவர்கள் முன்பக்கத்தை 40 மி.மீ. கூட்டிச் சமமாக்குகிறார்கள். பாரம் பாதிப் பாதியாக இருக்கும் காரில் வளைவின் வேலையையும் பாதிப் பாதியாகச் செய்ய முன் டயருக்கும் அதே ரப்பர் வேண்டும் என்பது அவர்கள் நியாயம். நான்கும் ஒன்றே என்பதால் தேய்மானத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் மாற்றிப் போடலாம், டயர் செலவு குறையும். இதுவும் சரியான முடிவுதான், ஆனால் வேறு ஆளுக்கு. ஹோண்டா பூட்டி வைத்த பாதுகாப்பை இவர்கள் திறக்கிறார்கள். அதனால்தான் இந்த அளவைப் போடுபவர்கள் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கி, சக்கரங்களின் கோணத்தை, அதாவது அலைன்மென்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். வீலை மட்டும் மாட்டிக்கொண்டு மழை நாளில் நெடுஞ்சாலையில் இறங்குபவர் பாதி வேலை முடித்த காரை ஓட்டுகிறார்.

அந்த 9 இஞ்ச் வீல் உள்ளே எப்படி உட்காருகிறது என்பது தனிக் கணக்கு. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரிம்மின் அகலத்துக்குச் சரியாக நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது வீலைப் பூட்டும் அச்சு முனையில், போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ஆஃப்செட் எண் கூடினால் வீல் மட்கார்டுக்குள் ஒதுங்கும், குறைந்தால் வெளியே துருத்தும்.

2004 மாடலின் முன் வீல் 7 இஞ்ச் அகலம், +55. அதை 9 இஞ்ச், +63 ஆக மாற்றுகிறோம். இரண்டு இஞ்ச் கூடினால் பக்கத்துக்கு ஓர் இஞ்ச், 25.4 மி.மீ. ஆஃப்செட் 8 கூடியதால் மொத்த வீலும் 8 மி.மீ. உள்ளே நகர்கிறது. ஆக, ரிம்மின் வெளி விளிம்பு 17.4 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 33.4 மி.மீ. உள்ளே போகும். பின்னால் கணக்கு சின்னது: எட்டரை இஞ்ச், +65 என்பது 9 இஞ்ச், +63 ஆகும்போது வெளியே 8.35, உள்ளே 4.35 மி.மீ. மட்டுமே. கேள்வி முழுவதும் முன்பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போகும் 33 மி.மீட்டருக்கு ஷாக் அப்சார்பரிடமும் சஸ்பென்ஷன் கைகளிடமும் இடம் இருக்கிறதா? வெளியே வரும் 17 மி.மீட்டருக்கு மட்கார்டின் உதட்டை மடக்க வேண்டுமா? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, அதே சமயம் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் என்ன ஆகும்? கடையில் வண்டி ஜாக்கியில் நிற்கும்போது எல்லாம் பொருந்திவிடும். பாரம் இறங்கி, இரண்டு பேர் உட்கார்ந்து, பாலத்து ஜாயின்டில் குதிக்கும்போதுதான் உரசும். பழைய வண்டி வாங்கப் போனால் மட்கார்டின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தால், முன்பு இருந்தவர் எந்த மாதிரி அளவு போட்டிருந்தார் என்று தெரிந்துவிடும்.

ரிம்முக்கும் டயருக்கும் அகலப் பொருத்தமும் வேண்டும். 255/40 ஆர்17 டயருக்கு எட்டரை முதல் 10 இஞ்ச் அகல ரிம் வரை போடலாம். அந்த 255 என்ற அளவே 9 இஞ்ச் ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை இஞ்ச் மாறினால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. மாறும். சிஆரில் எட்டரை இஞ்ச் ரிம்மிலேயே 255-ஐ ஏற்றினார்கள், அனுமதியின் கீழ் எல்லையில். அதையே 7 இஞ்ச் ரிம்மில் ஏற்றினால் பக்கச்சுவர் பலூன் மாதிரி பிதுங்கி, வளைவில் டயர் ரிம்மின் மேல் ஆடும். அகல டயரால் கிடைக்க வேண்டிய கூர்மை போய்விடும். எதிர்ப்பக்கமாக, அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பழக்கமும் இருக்கிறது. அழகு என்கிறார்கள். ரிம்மின் விளிம்பைக் காக்க ரப்பரே இல்லாமல், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்தையும் சேர்த்து மாட்டுகிறார்கள். வேகமாக ஓட்டும் காரில் அதற்கு இடமே கிடையாது.

போல்ட் வட்டம், நடுத்துளை இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்2000-க்கு 114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். போர்ஷேக்கு 130-இல் ஐந்து. இதில் "கிட்டத்தட்டப் பொருந்தும்" என்ற பேச்சே கூடாது. நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சரியான அளவு வளையம் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாலன்சிங் எத்தனை முறை செய்தாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

இப்போது இஞ்சுக்கு வரலாம். ரிம் இவ்வளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் உரிமை பிரேக்குக்கு மட்டும்தான் உண்டு. எஸ்2000-இன் முன் டிஸ்க் 300 மி.மீ., 16 இஞ்ச் ரிம்முக்குள்ளேயே அடங்கியது. 992 தலைமுறை 911 ஜிடி3-இன் முன் டிஸ்க் 408 மி.மீ. அதன் மேல் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கவிழ்ந்து உட்கார வேண்டும். 18 இஞ்ச் ரிம் என்பது 457 மி.மீ.தான், அதற்குள் இதை நுழைக்க வழியே இல்லை. அந்தக் காருக்கு 20 இஞ்ச் தேவை. உங்கள் பிரேக் எந்த ரிம்முக்குள் தாராளமாக அடங்குகிறதோ அதற்கு மேல் போகும் ஒவ்வொரு இஞ்சும் ரப்பரை எடுத்துவிட்டு உலோகத்தை வைப்பதுதான். சுழலும் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அதைச் சுற்றவும் நிறுத்தவும் சிரமம். தூரம் இரண்டு மடங்கானால் சிரமம் நாலு மடங்கு.

பெரிய ரிம் இல்லாமல் வேகம் வராது என்று நினைப்பவர்களுக்கு ஃபார்முலா 1-ஐக் காட்டலாம். 2021 வரை அந்தக் கார்களுக்கு 13 இஞ்ச் ரிம்தான். முன் டயரின் பக்கச்சுவர் மட்டும் சுமார் 170 மி.மீ. உயரம். அந்தக் கொழுத்த பக்கச்சுவரே சஸ்பென்ஷனின் வேலையில் பெரும்பங்கைச் செய்தது. 2022-இல் 18 இஞ்சுக்கு மாறினார்கள். அப்போதும் பக்கச்சுவர் 131 மி.மீ. தெருவில் ஓடும் கரேரா எஸ்-இன் முன் டயரில் அது 86 மி.மீ.தான்.

குட்டையான பக்கச்சுவரால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கேட்கும். எஸ்2000-இல் 112 மி.மீட்டராக இருந்த பக்கச்சுவர் 97, 98 ஆனபோது அந்தக் கூர்மை கூடியது. ஆனால் உயரமான பக்கச்சுவர் வழுக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வழுக்கும், குட்டையானது சொல்லாமல் விட்டுவிடும். பள்ளத்தில் இறங்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் கொடுமையானது. என் நண்பர் ஒருவரின் ஜெர்மன் கூப்பேயில் 19 இஞ்ச் வீல் இருந்தது. மழைக்குப் பிறகு தண்ணீர் நிறைந்த ஒரு குழியில் முன் இடது சக்கரம் இறங்கியது. டயர் கடையில் பாலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டபோது ரிம்மின் உள் விளிம்பு பாம்பு மாதிரி நெளிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் கூட இல்லை. டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு, உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்தக் காருக்கு அதே மாடலில் 18 இஞ்சும் உண்டு, பிரேக்கும் அதற்குள் அடங்கும். அடுத்த வாரமே அவர் அதற்கு இறங்கிவிட்டார்.

இத்தனை கணக்குக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அளவு பாதி, ரப்பர் மீதி. 2012-இல் வந்த டொயோட்டா 86-இல் நான்கு சக்கரத்திலும் 215/45 ஆர்17. எஸ்2000-இன் முன் டயருக்கும் அதே அளவுதான், எழுத்துக்கு எழுத்து. ஆனால் எஸ்2000-இல் ஹோண்டா போட்டது ஒட்டிக்கொள்ளும் பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா. டொயோட்டா வேண்டுமென்றே மிஷலின் பிரைமசி எச்பி என்ற சாதாரண சாலை டயரைப் போட்டது. ப்ரியஸ் ஹைபிரிட்டிலும் வந்த டயர் அது. பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே காரின் குணத்தை ஓட்டுபவர் உணர்வார் என்பது அவர்கள் எண்ணம். டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து யாரும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 225 அகல நல்ல ரப்பர், 255 அகல மட்ட ரப்பரை எந்த ஈரச் சாலையிலும் தோற்கடிக்கும். பட்ஜெட் ஒன்றுதான் என்றால் ரிம்மில் ஒரு இஞ்சைக் குறைத்து, அந்தக் காசை ரப்பரில் போடுங்கள்.

எந்த அளவில் நல்ல ரப்பர் விற்கிறார்கள் என்பதும் தேர்வைப் பாதிக்கும். 16 இஞ்சில் தரமான ஸ்போர்ட்ஸ் டயர்களின் வகை குறைந்துகொண்டே வருகிறது. பழைய எஸ்2000-ஐ 17 இஞ்சுக்கு மாற்றுகிறவர்கள் பலரும் அழகுக்காக மாற்றுவதில்லை, டயருக்காக மாற்றுகிறார்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளம், முழுதாக இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டியாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். வேக எழுத்தும் முக்கியம்: வி என்றால் 240 கி.மீ., டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. கார் எட்டக்கூடிய வேகத்துக்குக் குறைந்த எழுத்துள்ள டயரை மலிவு என்று மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு காற்று எவ்வளவு என்று கேள்வி வரும். கார் கதவில் ஒட்டியிருக்கும் எண் பழைய அளவுக்கானது, தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். டிராக்கில் ஓட்டுபவர்கள் கையாளும் முறை எனக்குப் பிடித்தது. சுண்ணக்கட்டியால் டயரின் பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் தோளில் குறுக்காக ஒரு கோடு போடுவார்கள், நான்கு டயரிலும். இரண்டு மூன்று வளைவு வேகமாக எடுத்துவிட்டு வந்து நிறுத்திப் பார்ப்பார்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் தோளுக்கு மேல் புரள்கிறது, காற்று போதாது. கோடு அழிவது தோளுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று அதிகம், ரப்பரின் ஓரம் சும்மா இருக்கிறது. தோளின் விளிம்பில் சின்ன முக்கோணக் குறி பல டயர்களில் உண்டு. கோடு அந்தக் குறி வரை அழியும் வரை இரண்டு இரண்டு பவுண்டாகக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும், முன்னும் பின்னும் தனித்தனியாக. பிறகு வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சில் இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.